புத்தரின் முதுகுக்குப் பின்னால் மூவுலகம்

பாங்காக்கின் பழைய பௌத்தக் கோயில்களில் உபோசத மண்டபம் என்று ஒன்று உண்டு. பிக்குகளுக்குத் துறவு கொடுக்கும் இடம் அதுதான். உள்ளே போனதும் கண்ணில் படுவது பொன்னிறப் புத்தர். அதன் பிறகுதான் சுவர்கள். சன்னல் மட்டத்திலிருந்து உத்தரம் வரை விரலளவு இடம்கூட மிச்சம் விடாமல் ஓவியம். பயணிகள் வழக்கமாக ஒரு மூலையில் தொடங்கிச் சுவரோரமாகவே நடந்து, ஒவ்வொரு காட்சியாகப் படம் பிடித்துக்கொண்டு வெளியேறிவிடுவார்கள். அப்படிப் பார்த்தால் நல்ல படங்கள் கிடைக்கும், மண்டபம் புரியாது.

அந்தச் சுவர்கள் நடுவில் அமர்ந்திருப்பவரைச் சுற்றி எழுப்பப்பட்ட ஓர் உலகம். எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்பதில்தான் பாதிப் பொருள் அடங்கியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. அந்த உலகத்தைத் தீட்டியவருக்கும் தீட்டச் செலவு செய்தவருக்கும் அது புண்ணிய காரியம். தாய்லாந்து மரபோவியத்தில் விசித்திரமாகத் தோன்றும் பல விஷயங்கள் இந்த இரண்டிலிருந்தே கிளைத்தவை. பழைய ஓவியர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாமல் போனதும், அருமையான பழைய சுவர்மேல் கை நடுங்காமல் புதிதாக எழுதியதும் இதில் சேர்த்தி.

பாங்காக் காலத்தின் தொடக்கத்தில், அதாவது 1782க்குப் பிந்தைய சில தலைமுறைகளில், ஒரு சுவர்த்திட்டம் நிலைபெற்றது. புத்தருக்கு எதிரே, நுழைவாயிலுக்கு மேலே, அவர் ஞானம் பெறுவதைத் தடுக்க வந்த மாரனின் தோல்வி. புத்தருக்குப் பின்னால் மூவுலகம். பக்கச் சுவர்களில் சன்னல்களுக்கு மேலே தேவர் கூட்டம். சன்னல்களுக்கு இடையே புத்தரின் வரலாறு அல்லது அவருடைய முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகள். எல்லாக் கோயிலும் இதை அப்படியே பின்பற்றவில்லை. ஆனாலும் இந்த வரைபடம் மனதில் இருந்தால் எந்த மண்டபத்திலும் வழி தவறாது.

எதிர்ச்சுவரிலிருந்து தொடங்குவோம். போதி மரத்தடியில் அமர்ந்திருப்பவரை எழுப்பி விரட்ட மாரன் யானைமேல் படையோடு வருகிறான். இந்த இருக்கைக்கு நீ உரியவன் என்பதற்கு யார் சாட்சி என்கிறான். அவர் வலக்கையால் நிலத்தைத் தொடுகிறார். பாலி மரபில் அப்போது பூமி அதிர்ந்து முழங்குகிறது. தென்கிழக்கு ஆசியாவில் கதை ஒரு படி மேலே போனது. பூமித்தாய் தரணியே பெண்ணுருவில் எழுந்து வந்து தன் நீண்ட கூந்தலைப் பிழிகிறாள். போதிசத்துவர், அதாவது புத்தராகுமுன் அவர், பிறவிதோறும் தானம் கொடுத்தபோது தாரை வார்த்த நீரெல்லாம் அந்தக் கூந்தலில் தேங்கி நின்றது. அது வெள்ளமாகப் புரண்டு மாரன் படையை அடித்துப்போகிறது. சுவரின் ஒரு பாதியில் படை ஆரவாரத்தோடு பாய்கிறது, மறு பாதியில் தத்தளிக்கிறது, முதலைகள் வீரர்களைக் கவ்வுகின்றன, மாரன் கைகூப்புகிறான்.

இது பழங்கதையாக நின்றுவிடவில்லை. இன்றும் தாய்லாந்து வீட்டார் பிக்குகளுக்கு அன்னமளித்து முடித்ததும் சிறு கெண்டியிலிருந்து நீரை மெல்ல வார்க்கிறார்கள். பிறகு அந்த நீரைக் கொண்டுபோய் மரத்தடி மண்ணில் ஊற்றுகிறார்கள். தானத்தின் கணக்கைப் பூமி வைத்துக்கொள்கிறது என்ற அதே நம்பிக்கை. மண்டபத்தின் நடுவில் இருக்கும் சிலையும் பெரும்பாலும் நிலத்தைத் தொடும் கோலத்தில்தான் இருக்கும். அவர் பார்வை நேரே எதிர்ச்சுவரில் விழும். சிலையும் சுவரும் சேர்ந்தால்தான் நிகழ்ச்சி முழுமை பெறும். சிலையை எடுத்துவிட்டால் அந்த ஓவியம் பாதி வாக்கியம்.

பின்சுவரில் இருப்பது மூவுலகச் சித்திரம். சுகோதாய் அரசர் லிதாய் 1345இல் இயற்றியதாகச் சொல்லப்படும் திரைபூம் என்ற நூல் இதற்கு வேர். நடுவில் தூணாக மேரு, இரு பக்கமும் படிப்படியாகத் தாழும் ஏழு மலைகள், உச்சியில் இந்திரனின் தாவதிம்ச சொர்க்கம். அடிவாரத்தில் இமயக் காடு. அங்கே கின்னரிகள், யானைத்தலைச் சிங்கங்கள், எந்த விலங்கியல் நூலிலும் சேராத கலப்பு உயிர்கள் திரிகின்றன. அதற்கும் கீழே நரகம். கொதிக்கும் கொப்பரைகள், முள்ளிலவ மரங்கள். பிறர் மனைவியையோ கணவனையோ நாடியவர்கள் அந்த முள்மரத்தில் ஏறவேண்டும், கீழே ஈட்டியோடு காவலர், மேலே கொத்தக் காத்திருக்கும் பறவைகள். சொர்க்கத்தை வரையும்போது அளந்தெடுத்த கோடுகளாக இயங்கும் ஓவியர் கை, நரகத்துக்கு வந்ததும் குதூகலம் கொள்கிறது என்றே எனக்குப் படுகிறது. இத்தனை உலகங்களுக்கும் முதுகைக் காட்டி அமர்ந்திருக்கிறார் புத்தர். பிறவிச் சுழலைக் கடந்தவர் என்பதைச் சொல்ல இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

பக்கச் சுவர்களின் மேற்பகுதியில் தேவர்கள், பிரம்மாக்கள், யட்சர்கள், கருடர்கள் வரிசை வரிசையாகக் கைகூப்பி அமர்ந்திருப்பார்கள். எல்லா முகமும் புத்தர் பக்கம். பெட்சபுரி நகரின் வாட் யாய் சுவன்னாராமில் (வாட் என்றால் கோயில்) உள்ள இந்தத் தேவர் வரிசை 17ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. ஓர் உருவம் போல இன்னொன்று இல்லை. பிக்குகள் ஓதும்போது சுவரிலிருந்து அவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது கணக்கு. வழிபட வந்தவரும் அந்தச் சபையில் தரையில் அமரும் கடைசி வரிசைக்காரர்.

அரசர் அழமாட்டார்

சன்னல்களுக்கு இடையே வரும் கதைகளில் தாய்லாந்து மக்களுக்கு மிக நெருக்கமானவை கடைசிப் பத்து ஜாதகங்கள். போதிசத்துவர் ஒவ்வொரு பிறவியிலும் ஒவ்வொரு பாரமியை (பூரண நற்குணத்தை) நிறைவு செய்யும் கதைகள் அவை. ஊமையாக நடிக்கும் தேமியன், கடலில் நீந்தும் மகாஜனகன், குருட்டுப் பெற்றோரைக் காக்கும் சாமன், தேரில் சொர்க்க நரகம் காணும் நேமி என்று போய், கேட்டதையெல்லாம் கொடுத்துவிடும் வெஸ்ஸந்தரனில் முடியும்.

இந்தச் சித்திரங்களில் நிழல் விழாது, தூரம் போகப்போக உருவம் சிறுக்காது. மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் பார்வை. அரண்மனைச் சுவர் திறந்து உள்ளிருப்பவர் தெரிவார். ஒரே சுவரில் ஒருவரே நான்கு இடத்தில், நான்கு வேளையில் தோன்றுவார். காட்சிக்குக் காட்சி இடையே வேலியாக ஓடுவது வளைந்து மடிந்த ஒரு பட்டை, அல்லது பாறையும் மரமும்.

அரசரும் தெய்வமும் கோன் என்ற முகமூடி நாட்டியத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் போல இருப்பார்கள். முகத்தில் சலனமே இருக்காது. துயரம் என்றால் நெற்றியில் கை, காதல் என்றால் விரல்களின் வளைவு, கோபம் என்றால் காலின் நிலை. ஆனால் அரண்மனை மதிலுக்கு வெளியே வந்துவிட்டால் விதிகள் தளர்ந்துவிடும். சாமானியர் சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள், குடித்து உருளுவார்கள், மறைவில் கொஞ்சுவார்கள், சில இடங்களில் மறைவுகூட இல்லாமல். துறவு கொடுக்கும் மண்டபத்தில் இதெல்லாமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் மாரன் வென்ற உலகம் எப்படி இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்களோ தெரியவில்லை. அரசரைப் பற்றி ஓவியருக்கு எந்தச் சுதந்திரமும் இல்லை, ஆகவே அவருடைய குணமும் கண்ணும் இந்த ஓரக் காட்சிகளில்தான் தெரியும். 17, 18, 19ஆம் நூற்றாண்டுகளின் உடை, படகு, சந்தை, விளையாட்டு, சீன வணிகர், பாரசீகர், தொப்பி வைத்த ஐரோப்பியர் எல்லாம் இங்கேதான் பதிவாகியிருக்கின்றன. மாரன் படையிலும் அந்த வெளிநாட்டார் தவறாமல் இடம்பெறுவார்கள்.

விளாம்பிசினும் மஞ்சளும்

இவை ஈரச் சுண்ணத்தில் எழுதிய ஓவியங்கள் அல்ல, காய்ந்த சுவரில் பிசின் கலந்த வண்ணத்தால் எழுதியவை. எனவே சுவரைப் பக்குவப்படுத்துவதே பெரும் வேலை. சுண்ணச் சாந்தின் காரம் நீங்க, ஒருவகைக் கொன்றை இலையை இடித்து ஊறவைத்த நீரால் சுவரைத் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். காரம் போய்விட்டதா என்று அறிய மஞ்சள் கிழங்கைச் சுவரில் தேய்ப்பார்கள். சிவந்தால் இன்னும் போகவில்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிற அதே சங்கதி. பிறகு வெண்களிமண்ணைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்துப் பூசி மெருகிடுவார்கள். வண்ணத்தைப் பிடித்துவைப்பது விளாம்பிசின். பொன் தகடு ஒட்ட அத்திப்பால். நுண்கோடுகளுக்குப் பசுவின் காது மயிர்த் தூரிகை. இலைக்கொத்துகளுக்குத் தாழை விழுதின் நுனியைத் தட்டி நாராக்கிக்கொள்வார்கள். தாய் ஓவியத்தின் காடுகளில் இலைகள் புள்ளிப் புள்ளியாக, கைபடாமல் தாமே முளைத்தது போல இருப்பதற்கு அந்தத் தாழை விழுதுதான் காரணம்.

பழைய தலைநகரான அயுத்தயாவின் காலத்து ஓவியங்கள் காவி, வெள்ளை, கருப்பு, கொஞ்சம் மஞ்சள் என்று அடங்கி இருக்கும், பின்புலம் வெளிர். சீன வணிகம் பெருகப் பெருகச் செந்தூரமும் பச்சையும் தாராளமாக வந்தன. அரசர் மூன்றாம் ராமா (1824 முதல் 1851 வரை) காலத்தில் பின்புலம் இருண்டு, அதன்மேல் பொன் ஜொலிக்கத் தொடங்கியது. சன்னல் இடுக்கு வெளிச்சத்தில், விளக்கொளியில், அரசரும் அரண்மனையும் மட்டும் மின்னும்படி வகுத்த ஏற்பாடு.

இந்த முறைக்கு ஈரமே எமன். தரையிலிருந்து ஏறும் நீரோடு உப்பும் ஏறி வண்ணத்தைப் பொரித்துத் தள்ளிவிடும். தாய்லாந்தில் 200 ஆண்டுக்கு முந்தைய சுவரோவியம் அரிதாக இருப்பதற்கு அது ஒரு காரணம். 1767இல் பர்மியப் படை அயுத்தயாவை அழித்தது இன்னொன்று. தப்பியவற்றில் பழையது ஒன்று விந்தையான இடத்தில் இருக்கிறது. அயுத்தயாவின் வாட் ராட்சபுரணக் கோபுரத்தின் அடியில், 1424ஐ ஒட்டிக் கட்டி மூடிய நிலவறையில். மூடிய அறையில் யார் பார்க்கச் சித்திரம்? யாரும் பார்க்க வேண்டியதில்லை என்பதே விடை. உள்ளே வைத்த திருவுருவங்களுக்குச் சூழலாக அது இருந்தால் போதும். 1957இல் புதையல் திருடர்கள் உள்ளே இறங்கும்வரை அது அப்படியே இருந்தது.

பாங்காக் காலத்தின் உச்சம் எது என்று கேட்டால் நான் தொன்புரிப் பக்கம், பாங்காக் நோய் கால்வாய்க் கரையிலிருக்கும் வாட் சுவன்னாராமைச் சொல்வேன். மூன்றாம் ராமா காலத்தில் தொங்யூ, கொங் பே என்ற இரு பெரும் ஓவியர்கள் அங்கே அருகருகே போட்டி போட்டு வரைந்தார்கள். நடுவில் திரை கட்டிக்கொண்டு, ஒருவர் வேலையை மற்றவர் பார்க்காதபடி வரைந்ததாகக் கதை. தொங்யூவின் நேமி ஜாதகத்தில் அமைப்பின் கம்பீரம். சீன வழியில் வந்தவர் எனப்படும் கொங் பேயின் மகோசத ஜாதகத்தில் முட்டி மோதும் கூட்டமும் மயிரிழைக் கோடும். பெயர் தெரியும் வெகுசில பழைய ஓவியர்களில் இவர்கள் இருவரும் அடக்கம். பெயர் நிலைத்தது கையொப்பத்தால் இல்லை, ஊர்ப்பேச்சால்.

அரண்மனைக் கோயிலான வாட் பிரா கேவில் கதையே வேறு. சுற்றுப் பிராகாரத்தில் 178 பகுதிகளாக ராமாயணத்தின் தாய்லாந்து வடிவமான ராமகியென் ஓடுகிறது. புத்தர் கோயிலில் ராமாயணம் ஏன் என்ற கேள்வி நம்மவர்க்கு உடனே எழும். அங்கே பிக்குகள் வசிப்பதில்லை, அது அரசரின் கோயில். பழைய தலைநகருக்கு அயோத்தியின் பெயர், அரசர் திருமாலின் அவதாரம் என்ற எண்ணம். முதலாம் ராமா 1797இல் ராமகியெனைத் தொகுத்து எழுதுவித்ததும் அழிந்த அரசை மீட்டுக் கட்டும் வேலையின் ஒரு பகுதிதான். கதை ஜனகர் நிலத்தில் சீதையைக் கண்டெடுப்பதில் தொடங்குகிறது. ராமன் பச்சை, இலக்குவன் பொன்னிறம், அனுமன் வெள்ளை. சீதை இராவணனுக்கே பிறந்த மகள். அனுமனோ பிரம்மசாரி அல்ல, மீன்கன்னியையும் வீடணன் மகளையும் காதலித்து மகிழ்பவன். கம்பனில் ஊறியவர்கள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு போக வேண்டும்.

நான்காம் ராமா மோங்குட் (1851 முதல் 1868 வரை) காலத்தில் சுவர்கள் தடம் மாறின. அவர் அரசராகுமுன் பல ஆண்டுகள் பிக்குவாக இருந்து சீர்திருத்தப் பிரிவைத் தொடங்கியவர். அற்புதக் கதைகளில் அவருக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. குருவா இன் கொங் என்ற பிக்கு ஓவியர் வாட் போவொன்னிவேட்டில் அவர் எண்ணத்துக்கு உருவம் கொடுத்தார். ஐரோப்பியக் கட்டடங்கள், கப்பல், குதிரைப் பந்தயம், நீலச் சாயலில் தொலைந்துபோகும் அடிவானம். ஆனால் எல்லாம் தர்ம உருவகம்: கண் மருத்துவர் புத்தர், நோயாளி உலகம். சியாமை விட்டு ஒருநாளும் வெளியே போகாதவர், அச்சுப் படங்களைப் பார்த்தே இதையெல்லாம் எழுதினார். அந்த மரங்களும் மனிதரும் கொஞ்சம் கனவில் வருவது போல இருப்பது அதனால்தான் போலும்.

வாட் ராட்சபிரதிட் சுவர்களில் பன்னிரு மாத அரச சடங்குகள் வரையப்பட்டுள்ளன. அவற்றில் ராட்சத ஊஞ்சல் விழாவும் உண்டு. திரியம்பாவாய் எனப்படும் அந்த விழாவில் பாங்காக்கின் பிராமணர்கள் ஓதியது நம் திருவெம்பாவையின் வழிவந்த பாடல்கள். மாணிக்கவாசகரின் நிழல் தாய்லாந்துச் சுவரோவியத்தில் விழும் இடம் இது.

சுவரை விட்டு வெளியே

வடகிழக்கில், ஈசான் பகுதியில், உபோசத மண்டபம் மிகச் சிறியது. பல ஊர்களில் பெண்கள் அதனுள் போவதில்லை. எனவே கொன் கேனின் வாட் சாய்சி போன்ற இடங்களில் ஓவியம் வெளிச்சுவரிலும் ஏறியது. நீலம், காவி, வெள்ளை எனச் சில வண்ணங்களே கொண்டு ஊர்க்காரர்களே வரைந்தது. லாவோ காப்பியமான சின்சாயின் வீரனும், பக்கத்திலேயே மீன் பிடிப்பவரும். அரசவைக் கலையின் நேர்த்தி இல்லை, அது தேவைப்படவும் இல்லை.

அதே ஈசானில் பத்துப் பத்து மீட்டராக நீளும் துணிச்சுருளில் வெஸ்ஸந்தர ஜாதகத்தை வரைந்துவைத்திருப்பார்கள். புன் பவேட் விழாவில் ஊரே அந்தத் துணியை நீளவாக்கில் பிடித்துக்கொண்டு ஊர் எல்லையிலிருந்து கோயிலுக்கு நடந்து வரும். காடு சென்ற வெஸ்ஸந்தரனை நாட்டுக்குத் திரும்ப அழைத்து வருவதாக ஐதீகம். இங்கே ஓவியம் கதையைக் காட்டுவதோடு நிற்கவில்லை, கதையின் முடிவை ஊர்வலமாக நடத்திக் கொடுக்கிறது. அடுத்து 13 அத்தியாயங்களையும் பிக்குகள் ஓதுவார்கள். ஒரே நாளில் முழுவதும் கேட்டவர் இனி வரப்போகும் மைத்ரேய புத்தர் காலத்தில் பிறப்பார் என்பது நம்பிக்கை.

அந்த நம்பிக்கையைச் சொல்வது பிரா மாலை என்ற மூத்த பிக்குவின் கதை. நரகமும் சொர்க்கமும் சென்று வந்த அந்தத் தேரரின் கதையைப் படங்களோடு எழுதிய மடிப்புச் சுவடிகள் 19ஆம் நூற்றாண்டில் சாவு வீடுகளில் ஓதப்பட்டன. தாளின் மூலப்பொருள் பராய் மரப்பட்டை. திருப்பராய்த்துறைக்குப் பெயர் கொடுத்த அதே பராய்தான். நூல்களைக் காக்கும் பெட்டகங்களுக்குக் கருப்பு அரக்கின்மேல் பொன் சித்திரம். வெறுமையாக இருக்கவேண்டிய இடங்களில் மஞ்சள் பசை மையைத் தடவி, முழுவதும் பொன் தகடு ஒட்டி, நீரால் கழுவினால் மையோடு பொன்னும் போய் உருவம் மட்டும் நிற்கும்.

வடக்கே ‘நான்’ என்ற பெயருள்ள நகரின் வாட் பூமின் ஓவியங்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. பச்சை குத்திய ஆண் ஒருவன் பெண்ணின் காதில் ஏதோ சொல்லும் காட்சி இப்போது சட்டைகளிலும் கோப்பைகளிலும் விற்கிறது. அதற்காக மற்றச் சுவர்களைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் பாவம்.

பழையதைக் காப்பதா, புதிதாய் எழுதுவதா

வாட் பிரா கே பிராகாரம் 1882, 1932, 1982 என்று நகரின் ஒவ்வொரு பெருவிழாவை ஒட்டியும் புதுப்பிக்கப்பட்டது. இன்று அங்கே பார்ப்பது முதலாம் ராமா காலத்துக் கை அல்ல. மரபின் கண்ணில் இதில் குறை ஒன்றும் இல்லை. மங்கிய சுவரைப் புதிதாக எழுதுவது புதுக் கோயில் கட்டுவதற்கு நிகரான புண்ணியம். பழைய கோட்டைப் பழையபடியே காக்கவேண்டும் என்பது அருங்காட்சியகத்தோடு வந்த எண்ணம். கிராமக் கோயில் நிர்வாகமும் அரசின் நுண்கலைத் துறையும் இன்றும் இதில்தான் முட்டிக்கொள்கின்றன. நான் காக்கச் சொல்பவர்கள் பக்கம்தான். ஆனால் இடித்துப் புதுக்கட்டும் தலைமைப் பிக்குவைக் கலை தெரியாதவர் என்று சிரிப்பது சரியல்ல, அவர் கலை பிறந்த காரணத்தின்படியே நடக்கிறார்.

அழிந்துகொண்டிருந்த சுவர்களைக் கோடு கோடாகப் படியெடுத்தவர் ஃபுவா ஹரிபிதக் (1910 முதல் 1993 வரை). சில்பகோர்ன் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிய இத்தாலியச் சிற்பி கொராடோ ஃபெரோசியின் மாணவர். சாந்திநிகேதனில் படிக்க வந்தபோது போர் மூண்டது. தாய்லாந்து ஜப்பான் பக்கம் நின்றதால் ஆங்கில அரசு அவரை இந்தியாவிலேயே காவலில் வைத்தது. ஊர் திரும்பி, வாட் ரகாங்கின் மரத்தாலான நூல் மண்டபத்தை மீட்டெடுத்தார். 1983இல் மகசேசே விருது பெற்றார்.

மரபு நின்றுபோகவும் இல்லை. 1980களில் லண்டன் விம்பிள்டனின் புத்தபதீபக் கோயிலில் சலெர்ம்சாய் கோசித்பிபட், பன்யா விஜிந்தனசான் உள்ளிட்ட இளம் ஓவியர்கள் மாரன் தோல்வியையும் ஜாதகங்களையும் எழுதியபோது மார்கரெட் தாட்சரும் கூட்டத்தில் வந்து சேர்ந்தார். பாரசீகரை வரைந்தவர்களின் பேரர்கள் வேறென்ன செய்வார்கள்! சலெர்ம்சாய் 1997இல் சியாங் ராயில் தொடங்கிய வெள்ளைக் கோயிலின் மாரன் சுவரில் சூப்பர்மேனும் எரியும் இரட்டைக் கோபுரமும் இருக்கின்றன. ஆனால் 2019இல் ஒரு மாணவி புத்தரையே அல்ட்ராமேன் உருவில் வரைந்து காட்சிக்கு வைத்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது, மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. முன்னது சரி, பின்னது தவறு என்றால் வேறுபாடு எங்கே? பழைய சுவர்த்திட்டத்தில் விடை இருக்கிறது. மாரன் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம், நடுவில் இருப்பவரின் இலக்கணத்தில் கை வைக்கக் கூடாது.

நேரில் பார்க்கப் போகிறவர்கள் பாங்காக் தேசிய அருங்காட்சியக வளாகத்திலுள்ள புத்தைசவன் மண்டபத்தில் தொடங்கலாம். 1790களின் சுவர்கள், விளக்கு நன்றாக உண்டு, கூட்டம் குறைவு. பிறகு வாட் சுவன்னாராம். ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் பெட்சபுரிக்குப் போய் வாட் யாய் சுவன்னாராமையும், 1734ஆம் ஆண்டு ஓவியங்கள் உள்ள வாட் கோ கேவ் சுத்தாராமையும் பார்த்துவிடலாம். சுவரோரமாக நடக்குமுன் சிலைக்கு முன்னால் தரையில், கால் பாதம் புத்தர் பக்கம் நீளாமல் மடக்கி உட்காருங்கள். முதலில் அவருக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள், பிறகு தலையைத் திருப்பி அவர் பார்ப்பதைப் பாருங்கள்.